சரளை எடுத்த குழியை மறுபடி நிலமாக்கிய கதை

சரளை எடுத்து முடிந்த குழியை மறுபடி பயிர் வைக்கும் நிலமாக்க எங்களுக்குச் சில வருடங்கள் பிடித்தன. குழியைச் சீர்செய்த வேலை சீக்கிரமே முடிந்தது. இழுத்தது மண் வேலைதான்.

வெட்ட ஆரம்பிக்கும் முன்பே மேல்மண்ணை வழித்துத் தனியாகவும், அடிமண்ணைத் தனியாகவும் குவிக்கச் சொல்லிவிட்டோம். இரண்டும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க வழியே இல்லை. மேல்மண் ஒரு சாண் கனம்தான். ஆனால் விதை, புழு, பூஞ்சை எல்லாம் பெரும்பாலும் அதில்தான் இருக்கின்றன. மலை மாதிரி குவித்தால் உள்ளே காற்றுப் போகாமல் அவை செத்துவிடும். அதனால் 2 மீட்டருக்கு மேல் உயர்த்தாமல் நீளமாகப் போட்டு, மேலே புல் விதைத்தோம். மழையில் மண் கரையவில்லை. அந்தக் குவியல்மேல் டிப்பர் ஏறாமல் பார்த்துக்கொள்வதே தனி வேலையாக இருந்தது.

அப்புறம் சரிவு. சரளை தானாகச் சரிந்து நின்றாலே 35 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். அதில் மண் போட்டால் மழைக்குக் கீழே வந்துவிடும். 3 மீட்டர் தள்ளிப்போனால் 1 மீட்டர் ஏறுகிற மாதிரி, சுமார் 18 டிகிரிக்குச் சாய்த்தோம். ஒரு பக்கத்தில் தகைவிலான்கள் பொந்து போட்டிருந்தன. குஞ்சுகள் பறந்துபோகும் வரை அந்தப் பக்கம் யாரையும் விடவில்லை.

ஆழமான பகுதியில் நிலத்தடி நீர் நின்றது. அதை மூடப் பார்ப்பது வீண் செலவு என்பது என் கருத்து. இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் வாட்டர் பார்க்கில் நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள் இப்படிச் சரளைக் குழிகளில் உருவானவைதான். நாங்களும் குளமாகவே விட்டு, கரையை மெல்ல இறங்கும்படி மாற்றினோம். தவறி விழுந்தவர் ஏறிவரலாம், நாணலும் வேர்பிடிக்கும். குப்பையும் இடிபாடும் கொட்டக் கேட்டவர்களை அனுமதிக்கவில்லை. சரளை வழியே எந்த நஞ்சும் சுலபமாக நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும்.

மண்ணைத் திரும்பப் போடும்போதுதான் ஒப்பந்தக்காரரோடு வாக்குவாதம். ஈரத்தோடு ஈரமாகத் தள்ளி, புல்டோசரால் வழவழவென்று சமன்செய்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார். நான் விடவில்லை. தினமும் காலையில் ஒரு பிடி மண்ணை உருட்டிப் பார்ப்பேன். 3 மில்லிமீட்டர் நூலாகத் திரண்டால் அன்றைக்கு வேலை கிடையாது. ஈரமண்மேல் கனமான வண்டி ஏறினால் மண்ணிலுள்ள துளைகள் நசுங்கி, அப்புறம் தண்ணீரும் இறங்காது, வேரும் இறங்காது. முதலில் குழியின் தரையை ஆழமாகக் கிழித்துவிட்டோம். பிறகு பொக்லைன் பட்டை பட்டையாகப் பின்வாங்கிக்கொண்டே அடிமண்ணைக் கொட்டி, அதன்மேல் மேல்மண்ணையும் போட்டது. போட்ட மண்மேல் எந்தச் சக்கரமும் ஏறவில்லை. பார்க்க மேடும் பள்ளமுமாகத்தான் இருந்தது, பரவாயில்லை, போகப்போக அமர்ந்துவிடும்.

முதல் சில பருவங்கள் புல்லும் பயறு வகைச் செடிகளும் மட்டும்தான். பயறுச் செடிகளின் வேர்முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். செடியை மடக்கி உழுதால் அது மண்ணில் சேரும். பழைய வண்டிப்பாதை இருந்த ஓரத்தில் மட்டும் மழைக்குப் பிறகு தண்ணீர் வடியாமல் நின்றது. அங்கே மறுபடி கிழித்து விதைத்திருக்கிறோம். மற்ற இடத்தில் மண்வெட்டி போட்டால் மண்புழு வருகிறது. அடுத்த பருவம் அங்கே தானியம் விதைக்கிறோம்.