குண்டாஸ் போட்டா என்ன உரிமை மிச்சம்?

'குண்டாஸ்ல உள்ள போனான்'னு பேப்பர்ல படிச்சதும் முக்கால்வாசி பேர் "நல்லா வேணும்"னு சொல்லிட்டு அடுத்த நியூஸுக்கு போயிடுறோம். அது தண்டனையே இல்லீங்க. ஜாமீன்ல வெளிய வந்து திரும்ப ஏதாவது பண்ணுவான்னு கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ நினைச்சு ஒரு ஆர்டர்ல கையெழுத்து போட்டா 12 மாசம் வரைக்கும் உள்ள வெக்கலாம், குற்றம் நிரூபணம் ஆகணும்னு அவசியம் இல்ல. தமிழ்நாட்டுல 1982ல வந்த குண்டர் தடுப்புச் சட்டம் இது. சாராயம், ரவுடின்னு ஆரம்பிச்சு மணல், திருட்டு விசிடி, சைபர்னு பட்டியல் நீண்டுக்கிட்டே போகுது.

எனக்கு உறுத்துறது என்னன்னா, விசாரணை இல்லாம முன்கூட்டியே அடைக்கிற இந்த தடுப்புக்காவல் அரசியல் சட்டத்துல அடிப்படை உரிமைகள் பகுதிக்குள்ளயே உக்காந்திருக்கு, 22வது பிரிவுல. கைது பண்ணா 24 மணி நேரத்துல மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும், வக்கீல் வெச்சுக்கலாம்னு சொல்லிட்டு, அடுத்த வரியிலயே தடுப்புக்காவலுக்கு இது பொருந்தாதுன்னு சொல்லுது! 1950லயே, இப்படி காவல்ல இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் மெட்ராஸ் அரசை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் போனார். தடுப்புக்காவல் சட்டம் செல்லும்னுட்டாங்க, காவல்ல வெச்ச காரணத்தை கோர்ட்டுக்கே சொல்லக்கூடாதுங்கற ஒரு பிரிவை மட்டும் அடிச்சாங்க. சட்டம் செல்லும்ங்கறதை நீதிபதி ஃபசல் அலி ஒத்துக்கல. 1978ல மேனகா காந்தியோட பாஸ்போர்ட்டை முடக்குன கேஸ்லதான், சட்டம்னு ஒண்ணு இருந்தா போதாது, நடைமுறையும் நியாயமா இருக்கணும்னு கோர்ட் சொல்லுச்சு.

சரி, குண்டாஸ் கைதிக்கு என்ன மிச்சம்? 22(5). காரணத்தை சீக்கிரமா சொல்லணும், எதிர்த்து கவர்மெண்ட்டுக்கு மனு கொடுக்க வாய்ப்பு தரணும், முக்கியமா இவ்ளோதான். ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு (சட்டவிரோத காவல்ல இருந்து விடுவிக்கக் கேக்குற மனு) போட்டு குண்டாஸை உடைக்கிறதெல்லாம் பெரும்பாலும் இதை வெச்சுதான். காவல்ல வெச்ச காரணமும் ஆவணங்களும் போட்டு கைதிக்கு குடுத்த புக்லெட்ல ஒரு பக்கம் ஜெராக்ஸ் மங்கலா இருக்கு, ரிமாண்ட் ஆர்டர் இங்கிலீஷ்ல இருக்கு தமிழாக்கம் வெக்கல, கைதி கொடுத்த மனு கவர்மெண்ட்ல காரணமே இல்லாம கிடந்துருக்கு, இப்படி. "டெக்னிக்கலா தப்பிச்சுட்டான்"னு பேசுவாங்க, ஒரு ஆளை விசாரிக்காமலே அடைக்கிற கவர்மெண்ட் ஒரு பக்கத்தை ஒழுங்கா ஜெராக்ஸ் எடுக்கக்கூடாதா?

என்ன, ஆர்டர் ரத்தாகி வர்றதுக்குள்ள பல மாசம் உள்ளயே ஓடிடும். அதனால யார் வீட்லயாவது இப்படி ஆச்சுன்னா அட்வைசரி போர்டு (காவலுக்கு போதுமான காரணம் இருக்கான்னு பாக்குற குழு) வரட்டும்னு காத்திருக்காம உடனே கவர்மெண்ட்டுக்கு மனு அனுப்பச் சொல்லுங்க, அனுப்புன ரசீதை பத்திரமா வெச்சுக்கணும், மனு போய்ச் சேர்ந்த தேதியை வெச்சுதான் தாமதத்தை கணக்கு பார்ப்பாங்க.