எலும்பு முறிவுப் பிரிவின் வாசலில்

அந்த அம்மா என் மேசையில் வைத்த மஞ்சள் பையிலிருந்து எக்ஸ்ரே படம் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே எப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக் கடை ரசீதுகள் எல்லாம் ரப்பர் பேண்டு போட்டு ஒரே கட்டாக இருந்தன. கணவர் டைல்ஸ் பதிக்கும் கொத்தனார், வயது 34. இரவு வேலை முடிந்து பைக்கில் திரும்பும்போது பின்னால் வந்த லாரி இடித்துவிட்டது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தாள்களைப் பார்த்து முடித்ததும், "இதற்கு முன்னால் வேறு யாரிடமாவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்களாம்மா?" என்று கேட்டேன். விபத்து வழக்கு நடத்துகிறவர்கள் கேட்டே தீர வேண்டிய கேள்வி இது.

"ஆஸ்பத்திரியிலேயே ஒரு தம்பி வந்து வாங்கிக்கொண்டு போனார், வக்கீலம்மா. ஐந்தாறு தாள் இருக்கும். ஒன்றிலும் எதுவும் எழுதியிருக்கவில்லை."

அன்றைக்கு அவருடைய கணவருக்கு மயக்கம்கூடத் தெளியவில்லை. எலும்பு முறிவுப் பிரிவின் வாசலில், மருந்து வாங்கப் பணம் புரட்டிக்கொண்டு நின்ற ஒரு பெண்ணிடம், 'கேஸ் போட்டால் லட்சக்கணக்கில் வரும்' என்று சொல்லி, வழக்கை நடத்த வக்கீலுக்கு அதிகாரம் தரும் வக்காலத்துத் தாளில், எதுவும் எழுதாமலே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நான் விசாரித்துப் பார்த்தபோது, சென்னையில் ஏற்கனவே மனு தாக்கலாகியிருந்தது. எந்த வக்கீலின் பெயரில் தாக்கலானதோ அவரை இந்தக் குடும்பம் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய ஊரில் 17 ஆண்டுகளாக வக்கீலாக இருக்கிறேன். என் அலமாரியில் பாதிக்கு மேல் எம்.சி.ஓ.பி. கட்டுகள்தான். விபத்து இழப்பீட்டு மனுவுக்கு எங்கள் வட்டாரத்தில் அதுதான் பெயர். 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. இந்தியாவிலேயே அதிக எண்ணிக்கை இதுதான். அந்த ஓராண்டில் நம் சாலைகளில் 17,884 பேர் இறந்தார்கள். இத்தனை குடும்பங்களுக்கும் ஒரு வக்கீல் தேவை. ஆனால் அந்த வக்கீலை அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? என் தொழில் வாழ்க்கையின் பெரும் சங்கடமே இந்தக் கேள்விதான்.

வக்கீல் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது. வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிகளில் 36ஆவது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. நேரடியாகவோ, தரகர் மூலமாகவோ, தெரிந்தவர்களைக் கொண்டோ வழக்குப் பிடிக்கக் கூடாது. பெயர்ப் பலகைகூட நியாயமான அளவில்தான் இருக்க வேண்டும். 2008இல் ஒரு சிறு கதவைத் திறந்தார்கள். பெயர், முகவரி, தொலைபேசி எண், பதிவு எண், கல்வித் தகுதி, எந்தத் துறையில் வழக்காடுகிறோம் என்ற விவரங்களை இணையதளத்தில் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒரு சொல் கூடாது.

இந்த விதிக்குப் பின்னால் காரணம் இருக்கிறது. மும்பை மாஜிஸ்திரேட் நீதிமன்ற வாசலில் சில வக்கீல்கள் வருகிறவர்களின் கையைப் பிடித்து இழுத்து, ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டி, கட்டணத்தைக் குறைத்துக் கூவி வழக்குப் பிடித்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. டபோல்கர் வழக்கு என்று சட்டக் கல்லூரியில் படித்திருப்போம். வக்கீல் தொழில் வியாபாரம் அல்ல என்று அதில் எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். அதைப் படித்தபோது எனக்கு வயது 21. அந்த வரிகளில் இருந்த கோபம் எனக்கும் தொற்றிக்கொண்டது. இன்று வரை அது போகவில்லை.

ஆனால் என் சொந்த வாழ்க்கையில் அந்த விதியை மீறும் விளிம்பு வரை போயிருக்கிறேன். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவது நேர்மையாக இருக்காது.

சீனியரிடமிருந்து பிரிந்து தனியாக அலுவலகம் வைத்த நான்காவது ஆண்டு அது. வாடகை, குமாஸ்தாவின் சம்பளம் இரண்டையும் மாதாமாதம் கொடுத்தாக வேண்டும். விபத்து வழக்கிலோ பணம் வர ஆண்டுகள் ஆகும். மனு எண்ணிடப்பட்டு, நோட்டீஸ் போய்ச் சேர்ந்து, காப்பீட்டு நிறுவனம் எதிருரை போட்டு, விசாரணை முடிந்து தீர்ப்பு வந்தாலும் அவர்கள் மேல்முறையீடு போவார்கள். இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசவும் கூடாது. 20ஆவது விதி அதைத் தடுக்கிறது. ஊரில் எத்தனை பேர் அதை மதிக்கிறார்கள் என்பதை நான் எழுதித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. கால் போனவரிடம் முன்பணம் கேட்க வாய் வராது. ஆகவே செலவுக்கு ஒரு சிறு தொகை, தீர்ப்புக்குப் பிறகு முன்கூட்டியே தாளில் எழுதிக்கொண்ட ஒரு நிலையான தொகை என்று வைத்திருந்தேன். இன்றும் அப்படித்தான். அந்த ஆண்டில் அது சோற்றுக்குப் போதவில்லை.

அப்போது ஓர் இணைய விளம்பர நிறுவனத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். மரியாதையான பையன், மடிக்கணினியில் அமெரிக்க வக்கீல்களின் தளங்களைக் காட்டினார். அங்கே 1977இல் பேட்ஸ் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு வக்கீல்கள் விளம்பரம் செய்யலாம். நெடுஞ்சாலைப் பலகைகளில் சிரிக்கிறார்கள், 'வென்றால் மட்டுமே கட்டணம்' என்று எழுதிக்கொள்கிறார்கள். கூகுளில் 'விபத்து வக்கீல்' என்று தேடினால் முதலில் வருவதற்குப் போட்டி போட்டுப் பணம் கட்டுகிறார்கள். "மேடம், உங்கள் கஸ்டமர்கள் எல்லாரும் இப்போது போனில்தான் தேடுகிறார்கள்" என்றார். நாங்கள் கட்சிக்காரர் என்று சொல்லும் ஒருவரை அவர் கஸ்டமர் என்றது காதில் உறுத்தியது. இருந்தாலும் 35,000 ரூபாய் கொடுத்தேன். என் கணவரின் சேமிப்பு அது.

தளத்தில் அவர்கள் எழுதியது 2008 திருத்தம் அனுமதித்ததைத் தாண்டியிருந்தது. '24 மணி நேரமும் உதவி' என்று பெரிய எழுத்தில் இருந்தது. மாற்றச் சொன்னேன், அடுத்த வாரம் மாற்றுகிறோம் என்றார்கள். நானும் விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் நாள் இரவு ஒரு மணிக்குப் போன் அடித்தது. நெடுஞ்சாலையில் விபத்து என்றது ஓர் ஆண் குரல். பின்னால் ஒரு பெண் அழும் சத்தம் கேட்டது. "108க்குச் சொல்லிவிட்டீர்களா?" என்று பதறினேன். "அதெல்லாம் வருகிறது. ஆள் உயிரோடு இருக்கிறார், கால் நசுங்கியிருக்கிறது. கேஸை உங்களுக்கே தருகிறேன், எனக்கு எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்டார் அவர்.

அழைப்பைத் துண்டித்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். அடிபட்டவர்கள் என்னைத் தேடி வரட்டும் என்று நான் விளக்கேற்றி வைத்ததாக நினைத்தேன். அந்த வெளிச்சத்தில் முதலில் வந்தது தரகர். விடிந்ததும் அந்த இளைஞரை அழைத்துத் தளத்தை எடுக்கச் சொன்னேன். கொடுத்த பணம் திரும்பவில்லை, நானும் கேட்கவில்லை.

2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், இணையத்தில் விளம்பரம் செய்து வழக்குப் பிடிக்கும் வக்கீல்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. வக்கீல்களுக்கு நட்சத்திர மதிப்பீடு கொடுத்து, விலை போட்டுப் பட்டியலிடும் தளங்களையும் அந்தத் தீர்ப்பு விடவில்லை. நீதிமன்றத்து நண்பர்கள் பலர், காலத்துக்கு ஒவ்வாத தீர்ப்பு என்றார்கள். இளையவர்களின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. அப்பா, தாத்தா வக்கீலாக இருந்தவர்களுக்குப் பலகை தேவையில்லை. ஊருக்கே அவர்களைத் தெரியும். முதல் தலைமுறையாகக் கறுப்புக் கோட்டுப் போடும் பெண்ணுக்கு யாரைத் தெரியும்? இதே உயர் நீதிமன்றம் அதற்கு முந்தைய மாதம்தான் ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாகச் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கொடுக்கச் சொன்னது. நான் ஜூனியராக இருந்தபோது பஸ் கட்டணத்துக்கு மேல் கைக்கு வந்ததில்லை. என்னிடம் இப்போது இருக்கும் ஜூனியர் பெண்ணுக்கு அந்த 15,000 ரூபாயை ஒவ்வொரு மாதமும் கொடுத்துவிடுகிறேன். சில மாதங்களில் அது கஷ்டம்தான். ஆனால் வயிறு காய்கிற ஜூனியரைத்தான் தரகர் முதலில் தேடி வருகிறார், அதைப் பார்த்திருக்கிறேன்.

தீர்ப்பு சரி என்பதே என் எண்ணம். அது தொடாத ஒன்றுதான் என்னை உறுத்துகிறது. நல்ல வக்கீல் வாய் மூடியிருக்கிறார். தரகர் எந்த விதிக்கும் அஞ்சுவதில்லை. இடையில் இருக்கும் இடத்தை யார் யாரோ போட்ட காணொளிகள் நிரப்புகின்றன. போன ஆண்டு ஒருவர் விபத்து நடந்து எட்டாவது மாதத்தில் வந்தார். ஏன் இவ்வளவு தாமதம் என்றேன். 'விபத்து வழக்குக்குக் காலவரம்பு கிடையாது' என்று போனில் ஒரு காணொளியைக் காட்டினார். அதில் பேசியவர் பொய் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 1994 திருத்தத்தில் காலவரம்பை எடுத்துவிட்டார்கள். ஆனால் 2019 திருத்தச் சட்டத்தின்படி, 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று ஆகிவிட்டது. காணொளி அதற்கு முன்னால் எடுத்தது. இணையத்தில் பழைய சட்டம் செத்துப்போவதில்லை. அவருடைய நல்ல காலம், போலீஸார் விபத்து அறிக்கையை இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தின் 166(4) பிரிவு இடம் தருகிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் வாதாடுகிறோம்.

கொத்தனாரின் வழக்குக்கு வருகிறேன். சென்னை மனுவை மாற்று வக்காலத்துப் போட்டு எங்கள் கைக்குக் கொண்டுவரவே மாதங்கள் ஓடின. பிறகு தீர்ப்பாயத்தில் அவர் ஊன்றுகோலோடு சாட்சிக் கூண்டில் ஏறினார். காப்பீட்டு நிறுவன வக்கீல் கேட்ட முதல் கேள்வி, சம்பளச் சீட்டு இருக்கிறதா என்பது. கொத்தனாருக்கு ஏது சம்பளச் சீட்டு? மேஸ்திரியைச் சாட்சியாக அழைத்தோம். தீர்ப்பாயம் மாத வருமானம் 12,000 ரூபாய் என்று எடுத்துக்கொண்டது. 40 வயதுக்குக் கீழ் என்பதால், பிரணய் சேத்தி வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 16,800. 12 மாதத்துக்கு 2,01,600. சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த அட்டவணைப்படி, அவர் வயதுக்கு ஆண்டு வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண் 16. மொத்தம் 32,25,600.

அடுத்ததுதான் உயிர்நாடி. மருத்துவக் குழு 60 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்திருந்தது. அப்படியே எடுத்தால் 19,35,360 ரூபாய். ஆனால் டைல்ஸ் பதிப்பவர் இரண்டு முழங்காலையும் மடக்கி, நாள் முழுக்கத் தரையில் நகர்ந்துகொண்டே செய்யும் வேலை அது. மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு 60 சதவீதம் என்பது இவருக்குக் கிட்டத்தட்ட முழு இழப்பு. 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: உடலில் எவ்வளவு போனது என்பது வேறு, பிழைப்பில் எவ்வளவு போனது என்பது வேறு. தரையில் உட்கார்ந்து காட்டட்டுமா என்று அவரே நீதிபதியிடம் கேட்டார். வேண்டாம் என்று நீதிபதி கையமர்த்தினார். ஆனாலும் அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, வலது முழங்காலை மட்டும் மடக்கிக் காட்டினார். இடது பக்கம் வேட்டி காலியாகத் தொங்கியது. நீதிமன்றத்தில் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிழைப்பு இழப்பு 90 சதவீதம் என்று தீர்ப்பு வந்தது. 29,03,040 ரூபாய், மருத்துவச் செலவு, வலி வேதனைக்கான தொகை, 7.5 சதவீத வட்டி எல்லாம் தனி.

வெற்று வக்காலத்து வாங்கிப் போனவர்கள் இந்த வழக்கை என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். சமரசம் பேசி முடிக்கும் லோக் அதாலத்தில் கிடைத்ததுக்கு முடித்திருப்பார்கள். அந்த முழங்காலை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

தளத்தை எடுத்த பிறகு, நானும் ஜூனியரும் ஒற்றைத் தாள் ஒன்றைத் தயாரித்தோம். விபத்து நடந்தால் என்னென்ன தாள்களைப் பத்திரப்படுத்த வேண்டும், 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே செலவழிக்கிறது, ஆறு மாதக் கணக்கு, பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்று நான்கு விஷயம். முதல் வரி, 'வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.' என் பெயரோ எண்ணோ அதில் கிடையாது. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் முகாம்களில் தன்னார்வலர்கள் கொடுக்கிறார்கள். வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. யார் எழுதியது என்று தெரியாமல் ஒருவர் எனக்கே அனுப்பியிருந்தார்.

போன மாதம் கொத்தனாரின் மனைவி போன் செய்தார். பக்கத்துத் தெருப் பையனுக்கு விபத்தாம். ஆஸ்பத்திரிக்கு ஒரு தம்பி தாள்களோடு வந்தாராம். "அந்தப் பையனின் அம்மாவைப் போடவிடவில்லை, வக்கீலம்மா. பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன்" என்றார். வழக்கு என்னிடம் வரவில்லை. அவர்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு வக்கீலைப் பார்த்திருக்கிறார்கள். மூன்றாம் மாதமே மனு தாக்கலாகிவிட்டது.