ஜீப்பில் ஒரு கடகட

நவம்பர் 9, ஞாயிறு

சேலத்தில் உரமூட்டை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது அடிவாரம் செக்போஸ்டில் வண்டியை நிறுத்தினேன், அங்கேதான் காதில் விழுந்தது. ஐடிலில் ஒரு கடகட. டீசல் எஞ்சினின் வழக்கமான தட்டல் எனக்குப் பழக்கம், அதைச் சத்தம் என்றே கணக்கில் எடுப்பதில்லை. இது அதற்கு மேலே தனியாக, தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டு விடாமல் குலுக்குகிற மாதிரி. ஆக்சிலரேட்டரை மிதித்தால் மற்ற இரைச்சலில் கலந்துவிடுகிறது, காலை எடுத்தால் திரும்ப வந்துவிடுகிறது.

வண்டி 2004 மாடல். 2500 சிசி, நாலு சிலிண்டர், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத பழைய மெக்கானிக்கல் பம்ப். போன வருடம் கைமாறி என்னிடம் வந்தது. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு மலையில் எங்கள் நாகலூர் வந்து சேர்ந்தாயிற்று. இழுவை குறையவில்லை, சூடு ஏறவில்லை, புகையும் எப்போதும் விடுகிற புகைதான். நாளைக்குப் பார்க்கலாம்.

நவம்பர் 10, திங்கள்

காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து கேட்டேன். அதே கடகட. பிஸ்டன் தேய்ந்து ஆடினால் குளிரில் அதிகமாகக் கேட்கும், சூடேற ஏற அடங்கும். இது அடங்கவில்லை. கிளட்சை மிதித்துப் பார்த்தேன், மாற்றமில்லை, ஆக கியர்பாக்ஸும் ரிலீஸ் பேரிங்கும் இல்லை. ஆயில் குச்சியில் அளவு சரி, எஞ்சின் ஓடும்போது ஆயில் விளக்கும் எரியவில்லை.

வாசலில் வண்டி பானட்டைத் திறந்து நின்றால் ஊரே டாக்டர். பக்கத்துத் தோட்டக்காரர் "நாசில் போயிருச்சுங்க" என்றார், பால் ஊற்ற வந்த தம்பி டைமிங் என்றான், என் மாமனார் மட்டும் "வித்துட்டு வேற வாங்குங்க மாப்ள" என்றார். அவர் எந்த வியாதிக்கும் இதே மருந்துதான் சொல்வார்.

நவம்பர் 12, புதன்

வண்டியை மெதுவாக இறக்கி டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். மெக்கானிக் அரை நிமிடம் காது கொடுத்தார், "ராடு பேரிங் அடிக்குதுங்க, எஞ்சினை எறக்கணும்" என்றார். பிஸ்டனையும் சுற்றுகிற கிராங்க் தண்டையும் இணைக்கிற ராடின் பேரிங். எவ்வளவு ஆகும் என்றேன். பிரித்துப் பார்த்தால்தான் தெரியுமாம், ஆனாலும் ஐம்பதாயிரம் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

இறக்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யலாமே என்று கேட்டேன். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிற நாசிலுக்குப் போகிற பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்துவது. தளர்த்தின சிலிண்டர் எரியாது, எஞ்சின் தடுமாறும். தட்டுவது அந்த சிலிண்டரின் ராடோ நாசிலோ என்றால், மேலிருந்து அழுத்தம் போனதும் சத்தம் குறையும், குறைந்தபட்சம் மாறவாவது செய்யும். முகம் சுளித்தாலும் செய்தார். நாலு சிலிண்டருக்கும் எஞ்சின் ஒரே மாதிரி தடுமாறியது, கடகடவில் ஒரு துளி வித்தியாசம் இல்லை. "எதுக்கும் எறக்கிப் பாத்துரலாங்க" என்றார். நான் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

இதைப் படித்துவிட்டு, கம்ப்யூட்டர் வைத்த புதுக் காமன் ரெயில் டீசல் எஞ்சின் வைத்திருப்பவர்கள் யாரும் ஸ்பேனரை எடுக்க வேண்டாம். அதில் டீசல் ஐடிலிலேயே நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் நிற்கும், மிதித்தால் 1000 பாரையும் தாண்டும், தளர்த்தினால் பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அப்புறம் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைதான். பழைய மெக்கானிக்கல் பம்புக்கு மட்டுமே இந்த வைத்தியம், அதிலும் முகத்தையும் கையையும் தள்ளி வைத்துக்கொண்டு.

திரும்பி மலை ஏறும்போது ஒரு விஷயம் உறுத்தியது. காலையில் இறங்கும்போது பிரேக் பெடல் கொஞ்சம் கல்லாக இருந்த மாதிரி ஞாபகம். இரண்டாவது கியரில் இறக்கியதால் பெரிதாகத் தெரியவில்லை.

நவம்பர் 15, சனி

மழை விட்ட நேரமாகப் பார்த்து இன்று முழுக்க வண்டியோடுதான்.

முதலில் போனில் சத்தத்தைப் பதிவு செய்து, வேகத்தைக் கால்வாசியாக்கிக் கேட்டேன். ஐடிலில் எஞ்சின் நிமிடத்துக்கு சுமார் 750 சுற்று, நொடிக்குப் பன்னிரண்டு சொச்சம். ராடு பேரிங் தட்டினால் சுற்றோடு ஒட்டியே தட்டும். வால்வைத் திறக்கிற டேப்பட், நாசில் இவையெல்லாம் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வேலை செய்யும், ஆகவே நொடிக்கு ஆறு தட்டு. என் கடகடவை அந்த வேகத்தில் ஓட்டியும் எண்ண முடியவில்லை, அவ்வளவு நெருக்கம். கிராங்க்கை விட வேகமாகச் சுற்றுகிற ஏதோ ஒன்று. இந்த எஞ்சினில் முன்பக்கம் அப்படிச் சுற்றுவது டைனமோதான், அதன் புல்லி சின்னது, எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் அது இரண்டுக்கு மேல் சுற்றும்.

நீள ஸ்குரூ டிரைவரின் நுனியை ஒவ்வொரு இடமாக வைத்து, பிடியில் காதை ஒட்டிக் கேட்டேன். (துண்டு, தொங்குகிற சட்டைக்கை எதுவும் இல்லாமல், ஃபேனுக்குத் தள்ளி நின்று.) பிளாக்கில் சாதாரணம், டேப்பட் கவரில் டிக்டிக், டைனமோவில் வைத்ததும் காதுக்குள்ளேயே அந்தப் புளியங்கொட்டைக் குலுக்கல்.

அப்புறம் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். ஒரே பெல்ட்டில்தான் வாட்டர் பம்ப், ஃபேன், டைனமோ மூன்றும், அதனால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. பத்து வினாடியே போதுமாக இருந்தது. கடகட இல்லை! ஐம்பதாயிரம் மிச்சம் என்று உள்ளே போய்ச் சொன்னேன், பதில் எதுவும் வரவில்லை, கடலைமாவு வாங்கி வரச் சொன்னது என்ன ஆச்சு என்றுதான் கேள்வி வந்தது.

கையால் சுற்றிப் பார்த்ததில் வாட்டர் பம்ப் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. டைனமோ தண்டு நடுநடுவே பிடித்துப் பிடித்து விடுகிறது.

நவம்பர் 16, ஞாயிறு

டைனமோ என்று ஆனபிறகும் அதில் இரண்டு ஆள் உண்டு. முன்னால் கரண்ட் எடுக்கிற டைனமோ, அதன் முதுகில் அதே தண்டில் ஓடுகிற வேக்குவம் பம்ப். பெட்ரோல் எஞ்சினில் திராட்டில் மூடும்போது மேனிஃபோல்டிலேயே வெற்றிடம் கிடைக்கும், பிரேக் பூஸ்டர் அதை உறிஞ்சிக்கொண்டு நம் காலுக்கு உதவும். பழைய டீசலில் திராட்டில் மூடியே கிடையாது, வெற்றிடமும் கிடையாது, அதனால் தனியாக ஒரு பம்ப் வைக்கிறார்கள். பெடல் கல்லானது ஞாபகம் வந்ததும் பெல்ட்டைத் திரும்ப மாட்டினேன்.

ஐடிலில் ஓடவிட்டு பிரேக்கை அடுத்தடுத்து மிதித்தேன். மிதிக்க மிதிக்க கடகட குரல் மாறுகிறது, விட்டால் சில வினாடியில் பழையபடி. வெறும் டைனமோ பேரிங் போயிருந்தால் ஊளையிடும், பிரேக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. அப்புறம் பூஸ்டர் சோதனை. எஞ்சினை அணைத்துவிட்டு பெடல் இறுகும்வரை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கியது, ஆனால் சோம்பேறித்தனமாக. ஹோஸைக் கழற்றி வாயில் கட்டைவிரலை வைத்தால் இழுவை ரொம்பப் பலவீனம்.

வேக்குவம் பம்ப்தான். சத்தம் போகட்டும், இந்த பிரேக்கை நம்பி மலை இறங்குவதில்லை. டைனமோவைக் கழற்றி அரிசிச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன், பஸ்ஸில்தான் போகிறது.

நவம்பர் 18, செவ்வாய்

பஸ்ஸில் கண்டக்டர் "சாக்குல என்னங்க?" என்றார். டைனமோ என்றதும் லக்கேஜ் போடாமல் விட்டுவிட்டார், அவர் வீட்டிலும் பழைய வண்டி இருக்கும்போல.

சேலம் செவ்வாய்ப்பேட்டை பக்கம் ஒரு டைனமோ கடை. பெரியவர் ஒருவர் பின்பக்க மூடியைத் திறந்து மேஜையில் கவிழ்த்தார். ரோட்டரின் காடிகளில் நிற்கிற தகடுகள் விளிம்பு தேய்ந்து, ஒன்று மூலையில் உடைந்திருந்தது. கறுப்பாக ஃபைபர் மாதிரி இருக்கிறது, இரும்பு இல்லை. சுற்றும்போது வெளியே வீசப்பட்டு சுவரை ஒட்டி வழுக்க வேண்டியவை, ஆயில் இல்லாமல் சுவரில் தட்டித் தட்டிப் போயிருக்கின்றன. சுவரிலும் கோடு கோடாகக் கீறல். "பாருங்க தம்பி, உள்ள ஆயில் வாசமே இல்ல. பம்ப்ப மாத்துறதவிட பைப்ப பாருங்க மொதல்ல" என்றார். வந்ததில் சரியாகப் பேசிய ஆள் இவர்தான்.

தகடு கிட் மட்டும் மாற்றலாமா என்று கேட்டேன். சுவர் கீறியிருக்கிறது, புதுத் தகட்டையும் தின்றுவிடும் என்றார். புது பம்ப் இரண்டாயிரத்துச் சொச்சம். டைனமோ பேரிங்கும் கையோடு மாற்றச் சொன்னேன். வேலை முடியும்வரை வெளியே தட்டுவடை செட் சாப்பிட்டேன், இன்னொன்றும் சாப்பிட்டேன்.

நவம்பர் 20, வியாழன்

ஆயில் பைப்பைக் கழற்றினேன். எஞ்சினிலிருந்து பம்புக்குப் போகிற மெல்லிய பைப், அதன் முனையில் ஓட்டை போட்ட போல்ட். அந்த ஓட்டையில் கறுப்புக் களிம்பு இறுகி அடைத்திருந்தது, ஊசியால் குத்தித்தான் எடுக்க வேண்டியிருந்தது. டீசல் எஞ்சினில் புகைக்கரி ஆயிலில் கலந்துகொண்டே இருக்கும், ஆயிலை நேரத்துக்கு மாற்றாவிட்டால் இப்படிப் படியும். முந்தைய உரிமையாளர் ஆயில் விஷயத்தில் கொஞ்சம் சிக்கனக்காரர் என்று இப்போது தெரிகிறது.

பைப்பை டீசலில் கழுவி, எஞ்சினில் மாட்டி, மறுமுனையை பாட்டிலுக்குள் விட்டு, டீசல் கட் ஒயரை எடுத்துவிட்டு செல்ஃப் மட்டும் அடித்தேன். ஆயில் தாராளமாக வந்தது. அதைப் பார்க்காமல் புது பம்பை மாட்டியிருந்தால் அதுவும் சீக்கிரமே புளியங்கொட்டைதான். பம்புக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, செப்பு வாஷர் புதிதாகப் போட்டு, பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்குகிற அளவுக்கு இழுத்துக் கட்டினேன்.

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. பம்பின் ஆயில் திரும்பிப் போவது எஞ்சினுக்கு அடியில் இருக்கிற ஆயில் தொட்டிக்கு (சம்ப்), ஆகவே உடைந்த தகட்டுத் துண்டும் அங்கேதான் போயிருக்கும். ஆயிலை இறக்கித் துணியில் வடிகட்டினேன், இரண்டு கறுப்புத் துணுக்கு கிடைத்தது. ஃபில்டரும் புதிது. பூஸ்டர் ஹோஸில் ஆயில் கசிவு இல்லை.

ஸ்டார்ட் செய்தால் கடகட போயே போய்விட்டது. பெடலில் கால் வைத்தால் மெத்தென்று இறங்குகிறது.

நவம்பர் 23, ஞாயிறு

மூடுபனியில் காலை ஆறு மணிக்கே இறங்கினேன், பின்னால் மிளகு மூட்டை. வழக்கம்போல இரண்டாவது கியர், வளைவுக்கு முன்னால் மட்டும் பிரேக், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பிடித்தது. ஒர்க்‌ஷாப் மெக்கானிக் நடுவில் போன் செய்து எஞ்சினை எப்போது இறக்கலாம் என்று கேட்டார், விஷயத்தைச் சொன்னேன், "அப்படியா" என்று வைத்துவிட்டார்.

கடகட போனபிறகு டேப்பட் டிக்டிக் நன்றாகக் கேட்கிறது. அடுத்த வாரம் அதன் கேப் (இடைவெளி) பார்க்க வேண்டும், அதை அளக்கிற ஃபீலர் கேஜ் பக்கத்துத் தோட்டக்காரரிடம் இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டும்.