வெல்லம் குறைத்த தினை அதிரசம்: தீபாவளிக் குறிப்புகள்

அக்டோபர் 11, 2025, சனி

மற்ற பலகாரங்களைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம், அதிரசம் மட்டும் வீட்டில்தான். இது அத்தையின் சட்டம். இந்த வருடம் அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார். சரி, செய்கிறேன், ஆனால் வெல்லமும் எண்ணெயும் குறையும் என்று சொல்லிவிட்டேன். மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. "சீனிதாம்மா ஆகாது, கருப்பட்டி ஒண்ணும் பண்ணாது" என்பது அவர் கட்சி.

கருப்பட்டியோ வெல்லமோ, 100 கிராமில் ஏறத்தாழ 380 கலோரி. சீனியிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கருப்பட்டியில் கொஞ்சம் இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு, மறுக்கவில்லை. அந்தச் சத்துதான் வேண்டுமென்றால் முருங்கைக்கீரை வதக்கித் தருகிறேன் என்றேன். மாமா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அக்டோபர் 12, ஞாயிறு

பச்சரிசிக்குப் பதில் தினை. தீட்டிய அரிசியைவிட இதில் நார்ச்சத்தும் புரதமும் கூடுதல். ஆனால் கடையில் பார்த்து வாங்க வேண்டும். பளபளவென்று ஒரே மஞ்சளாக இருப்பது தவிடு போகத் தீட்டியது. கொஞ்சம் மங்கலாக இருந்ததைத் தேடி எடுத்தேன்.

இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, பழைய வேட்டியில் பரப்பி ஃபேனுக்கு அடியில் போட்டேன். வெளியே தூறல், வெயிலை நம்ப முடியாது. அதிரச மாவுக்கு வெயிலும் தேவையில்லை. கையில் அள்ளிப் பிடித்தால் தினை உள்ளங்கையில் ஒட்ட வேண்டும், ஆனால் தண்ணீர் கசியக் கூடாது. அந்த ஈரத்தோடு மிக்ஸியில் அரைத்துச் சலித்து உடனே பாகில் போட்டுவிட வேண்டும். மாவு காய்ந்துவிட்டால் அதிரசம் வறட்டி மாதிரி ஆகிவிடும்.

இரண்டு பாகு வைத்தேன். ஒன்று அத்தை கணக்கு: கால் கிலோ மாவுக்கு 175 கிராம் வெல்லம். இன்னொன்று என் கணக்கு: அதே மாவுக்கு 125 கிராம். பதம் இரண்டுக்கும் ஒன்றுதான். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டினால் மெத்தென்ற உருண்டையாகத் திரள வேண்டும். அதைத் தட்டில் போட்டு 'டங்' என்று கேட்டால் பாகு முற்றிவிட்டது, கடலை மிட்டாய்க்குத்தான் ஆகும். அடுப்பை அணைத்து, ஏலக்காய், சுக்கு, எள் சேர்த்து, மாவைத் தூவித் தூவிக் கிளறி, மேலே ஒரு ஸ்பூன் நெய் தடவி மூடி வைத்தாயிற்று.

அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "வெல்லத்தக் குறைச்சா எண்ணெயில பிரிஞ்சு போகும்மா" என்றார்.

அக்டோபர் 14, செவ்வாய்

அத்தை சொன்னது அப்படியே நடந்தது. 175 கிராம் வெல்லம் போட்ட மாவு வாழை இலையில் வழவழவென்று தட்ட வந்தது, எண்ணெயில் அழகாக உப்பி மேலே வந்தது. 125 கிராம் வெல்லம் போட்ட மாவைத் தட்டும்போதே ஓரமெல்லாம் வெடிப்பு. எண்ணெயில் விட்ட அரை நிமிடத்தில் பொலபொலவென்று உதிர்ந்து, சட்டி முழுக்கத் தூள்.

யோசித்தால் நியாயம்தான். அரிசியிலும் சரி, தினையிலும் சரி, கோதுமை மாதிரி இழுத்துப் பிடிக்கிற பசை கிடையாது. மாவைக் கட்டிப் பிடித்திருப்பதே பாகுதான். இனிப்பு அதற்குப் பாதி வேலை. சீனிக்குப் பதில் போடும் மாத்திரையை வைத்து ஏன் அதிரசம் சுட முடியாது என்பதும் இதனால்தான்: இனிக்கும், ஆனால் பாகாகாது.

பிடிமானம் மாவில் இல்லையென்றால் பாத்திரத்திலாவது இருக்கட்டும் என்று பணியாரக் கல்லை எடுத்தேன். மிச்சமிருந்த மாவில் பால் தெளித்துப் பிசைந்து, குழிக்கு நான்கு சொட்டு நெய் விட்டு, சின்ன உருண்டையை வைத்து லேசாக அமுக்கி, மூடி போட்டுச் சிறு தீயில் வைத்தேன். தீ கூடினால் அடியில் வெல்லம் கருகிக் கசந்துவிடும். இரண்டு மூன்று நிமிடத்தில் எள் வறுபடும் வாசனை வந்ததும் குச்சியால் திருப்பிப் போட்டேன். மறுபக்கம் மூடியில்லாமல். உதிரவில்லை. வெளியே செம்பழுப்பாக மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே மெத்.

எண்ணெயில் சுட்ட அதிரசத்தின் அந்த இழுவை இதில் இல்லை. இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அக்டோபர் 18, சனி

அரை கிலோ மாவு, கால் கிலோ வெல்லம் என்று மொத்தமாகப் போட்டு வைத்தேன். பணியாரக் குழி அளவுக்கு உருட்டினால் முப்பதுக்குக் குறையாமல் வரும். ஒன்றில் ஏழெட்டு கிராம் வெல்லம். அத்தை தட்டும் உள்ளங்கை அகல அதிரசத்தில் ஒன்றுக்கே இருபது கிராமுக்கு மேல் போகும்.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன கணக்கில், சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளின் மொத்த கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. ஐந்து என்பது சுமார் 25 கிராம். சின்ன அதிரசம் மூன்று தின்றால் அந்த நாள் கணக்கு முடிந்தது, காபிக்குக்கூட மிச்சமில்லை. இது பொதுக் கணக்கு. மாமாவுக்கு அதிகபட்சம் ஒன்று, அதுவும் சாப்பாட்டோடு. டாக்டர் சொன்னது அப்படி.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

எண்ணெய்க் குளியல், புதுத்துணி, வெடிச் சத்தம், இட்லி. மாமா தட்டில் ஒரு அதிரசம் வைத்தேன். "என்னம்மா, பணியாரம் வச்சிருக்க?" என்றார். பெயரை மாற்ற மாட்டேன் என்றேன். பத்து நிமிடம் கழித்து டப்பா திறக்கும் சத்தம் கேட்டு அத்தை குரல் கொடுத்தார்: "ஒண்ணுன்னா ஒண்ணுதான்." அத்தை என் பக்கம் வந்துவிட்டார் என்று நினைத்தேன். சாயங்காலம் பார்த்தால், 175 கிராம் கணக்கில் தனியாக மாவு போட்டு, சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்க எண்ணெயில் பத்து சுட்டு வைத்திருக்கிறார். இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து அழுத்தி எண்ணெயைப் பிழிந்தது மட்டும் கொஞ்சம் பலமாகவே பிழிந்திருந்தார்.

அக்டோபர் 23, வியாழன்

அத்தை சுட்டது இன்னும் அப்படியே இருக்கிறது, பத்து நாளானாலும் ஒன்றும் ஆகாது. என்னுடையதை இன்று எடுத்தபோது லேசான புளிப்பு வாசம். பாலின் ஈரம், போதாததற்கு வெல்லம் குறைவு. கெடாமல் காப்பதும் வெல்லத்தின் வேலைதானே. நான்கைந்து இருந்தன, கொட்டிவிட்டேன். செய்கிறவர்கள் இரண்டு நாளில் தீரும் அளவுக்குச் சுடுங்கள். பால் சேர்க்காத மாவு ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். வேண்டும்போது எடுத்து, ஜில்லிப்பு போனபின் பால் தெளித்துச் சுட்டுக்கொள்ளலாம். ஃப்ரிட்ஜில் ஒரு கிண்ணம் மாவு இருக்கிறது. மாமாவிடம் சொல்லவில்லை.