கருணை மனு நிராகரிக்கப்பட்ட பிறகு என்ன செய்தோம்

"குடியரசுத் தலைவரே முடியாது என்றுவிட்டார். இனி யாரிடம் போய்க் கேட்பது, தம்பி?" என்றார் அந்தத் தாய். மகனுக்குத் தூக்கு உறுதியாகியிருந்தது. மறுசீராய்வு மனுவும் தள்ளுபடி. அப்போது நான் ஜூனியர் வழக்கறிஞர். அரசின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தையோ உச்ச நீதிமன்றத்தையோ நேரடியாக அணுகும் ரிட் மனு என்ற வழி மிச்சமிருப்பதை அவர் நம்பவே நேரம் பிடித்தது.

அது குறுகலான வழி. குற்றம் செய்தானா இல்லையா என்று அங்கே மறுபடி வாதாட முடியாது. கருணை காட்டியிருக்கலாமே என்றும் கேட்க முடியாது. முடிவு எடுக்கப்பட்ட விதத்தை மட்டுமே நீதிமன்றம் பார்க்கும். மனதைச் செலுத்தாமல் எடுத்த முடிவா, தீய நோக்கம் உண்டா, பார்க்க வேண்டிய ஆவணங்கள் விடுபட்டனவா என்பவை 2006இல் எபுரு சுதாகர் வழக்கில் சொல்லப்பட்ட அளவுகோல்கள். எங்களுக்குப் பெரிய பலம் சத்ருகன் சவுகான் வழக்கு. 2014 ஜனவரி 21 அன்று உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ப. சதாசிவம் அமர்வு, காரணமற்ற காலதாமதத்தையும் மனநோயையும் ஏற்று 15 பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. வீரப்பன் கூட்டாளிகள் நால்வரும் அதில் அடக்கம். அடுத்த மாதமே ராஜீவ் காந்தி கொலை வழக்கின் முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகியோரின் தூக்கும் தாமதத்தைக் காரணம் காட்டிக் குறைக்கப்பட்டது.

நிராகரிப்புத் தகவல் கைதிக்குக் கிடைத்த பிறகு குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும் என்பதும் சத்ருகன் சவுகான் தீர்ப்பில் உள்ளதுதான். கையிலிருந்த தேதிகளை மட்டும் வைத்து மனு எழுதி, முதலில் இடைக்காலத் தடை வாங்கினோம். அதன் பிறகே ஆவணங்களைத் தேட முடிந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், ரகசியம் என்று ஓர் அலுவலகம் மறுத்தது. குடியரசுத் தலைவருக்கு அமைச்சரவை சொன்ன ஆலோசனையை விசாரிக்கத்தான் அரசமைப்பின் 74(2) தடை விதிக்கிறது; அதற்கு அடிப்படையான ஆவணங்களுக்கு அந்தத் தடை இல்லை. மேல்முறையீட்டில் இதை எடுத்துச் சொன்ன பிறகு நகல்கள் வந்தன.

வந்த நகல்களில் ஒரு கடிதம், விசாரணை நீதிமன்றத் தீர்ப்பின் நகலைக் கேட்டு ஒரு துறை இன்னொரு துறைக்கு எழுதியது. அடுத்த தாள், அதே நகலைக் கேட்டு மறு ஆண்டு போன நினைவூட்டல். இரண்டுக்கும் நடுவே ஒரு காகிதம்கூட இல்லை. அங்கேதான் எங்கள் வழக்கு இருந்தது.

சிறை மருத்துவப் பதிவேட்டையும் வாங்கினோம். தூக்க மாத்திரையின் அளவு ஆண்டுக்கு ஆண்டு ஏறியிருந்தது. "தனியாகப் பேசிக்கொள்கிறார்" என்று ஒரு மருத்துவர் கையால் எழுதியிருந்த பக்கம், கருணை மனுவோடு மேலே போன கோப்பில் சேர்க்கப்படவே இல்லை. அதைப் படித்துக் காட்டியபோது, "இதை ஏன் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை?" என்று அந்தத் தாய் கேட்டார்.

அரசுத் தரப்பு குற்றத்தின் கொடூரத்தைப் பற்றியே நெடுநேரம் வாதிட்டது. உயிரைப் பறிகொடுத்த குடும்பத்தின் துயரத்தை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் தினமும் கயிற்றை நினைத்து ஆண்டுக்கணக்கில் விழித்துக் கிடப்பதை எந்த நீதிபதியும் தண்டனையாக எழுதவில்லை. தூக்கு ஆயுளானது.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 472ஆவது பிரிவு, கருணை மனு மீதான முடிவை எட்டிய விதத்தை எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்கிறது. ரிட் மனுக்களை விசாரிக்க உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் அரசமைப்பின் 32, 226ஆவது பிரிவுகள் கொடுத்த அதிகாரத்தைச் சாதாரணச் சட்டம் பறிக்க முடியாது என்பதே என் உறுதியான கருத்து. அதே ஆண்டு டிசம்பரில், புனே வழக்கொன்றில் தாமதத்துக்காகச் செய்யப்பட்ட தண்டனைக் குறைப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

குடும்பங்கள் நிராகரிப்புக் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கருணை மனு கிளம்பும் அன்றே தேதி முத்திரையுடன் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவப் பதிவேட்டையும் எழுத்தில் கேளுங்கள். பணமில்லையே என்று தயங்க வேண்டாம். நிராகரிப்புக்குப் பிறகும் இலவச சட்ட உதவி பெறும் உரிமை கைதிக்கு உண்டு.