பாட்டியின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்

இருவருமே பாலு மகேந்திராவைத்தான் சாட்சிக்கு இழுத்தார்கள். ஜன்னலோரம் பாட்டி உட்கார்ந்திருக்கும் காட்சி. முகத்தில் பாதி இருட்டு. “‘வீடு’ படத்தைப் பாருங்கள் சார், ஜன்னல் எவ்வளவு தருகிறதோ அவ்வளவுதான் வெளிச்சம்” என்றார் ஒளிப்பதிவாளர். “‘மூன்றாம் பிறை’யில் எந்த முகம் தம்பி தெரியாமல் போயிற்று?” என்றார் தயாரிப்பாளர். பிறகு இருவரும், எடுத்த படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் கணினியில் சரிசெய்யும் என் பக்கம் திரும்பினார்கள்.

முகத்தைச் சுற்றி வட்டம் போட்டு, அதன் வெளிச்சத்தை மட்டும் சற்றே தூக்கினேன். “சரி அண்ணே” என்றார் அந்த இளம் ஒளிப்பதிவாளர். அடுத்த காட்சிக்குப் போய்விட்டோம்.

எனக்கும் நியாயம் உண்டு. இந்த வேலை நடக்கும் டிஐ அறையில் தெரியும் இருட்டு வேறு, விளக்கு மங்கிய புரொஜெக்டர் ஓடும் தியேட்டரில் தெரியும் இருட்டு வேறு. பாட்டி அழுவதே தெரியாவிட்டால் அந்தக் காட்சி எதற்கு?

ஆனால் பாலு மகேந்திராவின் படத்தில் இந்த வாக்குவாதத்துக்கு இடமே இருந்திருக்காது. 1977-இல் வந்த, அவர் இயக்கிய முதல் படமான ‘கோகிலா’விலேயே இயக்கம், கேமரா இரண்டும் அவர் கையில்தான். கறுப்பு வெள்ளையில் எடுத்த அதற்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருது. 1982-இல் ‘மூன்றாம் பிறை’க்கு இன்னொன்று. பிலிமைக் கழுவிப் பிரதி எடுத்த அன்றைய லேபில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் எண் கணக்கில் கூட்டலாம், குறைக்கலாம். மாறினால் பிரேம் முழுவதும் மாறும். ஒரு முகத்தை மட்டும் தனியே பிடித்துத் தூக்குவது நடக்கிற காரியமல்ல. ‘வீடு’ படத்தில் சொக்கலிங்க பாகவதரின் முகத்தில் எவ்வளவு நிழல் என்பது கேமரா ஓடும்போதே முடிவாகிவிட்டது. இப்போது அந்த முடிவு, மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் என் மேஜைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அவரும் விட்டுக்கொடுக்காதவர் அல்ல என்று சொல்லிக்கொள்கிறேன். 1984-இல் ‘நீங்கள் கேட்டவை’ என்று பெயரிலேயே பழியை நம்மீது போட்டுவிட்டு ஒரு மசாலாப் படம் எடுத்தார். பாட்டே இல்லாத ‘வீடு’ அதற்குப் பிறகுதான். கேட்டதைக் கொடுத்தவருக்கு, தான் விரும்பியதையும் எடுக்க முடிந்தது. இந்த இளைஞருக்கு அப்படி ஒரு ‘வீடு’ வாய்க்குமா? தெரியாது. வாய்த்தாலும் அந்தப் படமும் இப்படி ஒரு மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அந்த இளைஞர் ஒரு வார்த்தை எதிர்த்திருந்தால் அப்படியே விட்டிருப்பேன் என்று வீட்டில் சொன்னேன். சொல்லும்போதே நம்பிக்கை இல்லை. பில்லில் கையெழுத்துப் போடுகிறவர் தயாரிப்பாளர்.