சூப்பர்சார்ஜர் பெல்ட்: இறுக்கி இறுக்கி ஒரு பேரிங் போன கதை

கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ட்ராக்கில் ஓட்டும் நண்பருடைய எஸ்டீமில், 1298 சிசி என்ஜினுக்கு ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் மாட்டினோம். இரண்டு ரோட்டர்கள் சுற்றி என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பம்ப் அது. டர்போ புகையின் வேகத்தில் சுற்றும். இதை கிராங்க் புல்லியிலிருந்து பெல்ட்தான் இழுத்துச் சுற்ற வேண்டும். பெட்ரோல், டைமிங் என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட நாங்கள், கடையில் கிடைத்த 4பிகே ரிப் பெல்ட்டை (உள்பக்கம் நீளவாக்கில் நான்கு வரிகள் உள்ளது) எதுவும் யோசிக்காமல் மாட்டிவிட்டோம்.

கிராங்க் புல்லி 140 மி.மீ., சார்ஜர் புல்லி 80. என்ஜின் ஒரு சுற்றுக்கு சார்ஜர் 1.75 சுற்று. அதுவரை சிக்கல் இல்லை. இன்னும் பவர் வேண்டும் என்று லேத்தில் 70 மி.மீ. புல்லி கடைந்து போட்டோம். விகிதம் 2 ஆனது. 6500 ஆர்பிஎம்மில் சார்ஜர் 13,000.

இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் 4500 ஆர்பிஎம் வரை 0.5 பார் பூஸ்ட், அதாவது சார்ஜர் தரும் கூடுதல் காற்றழுத்தம், நின்றது. 6000 தாண்டியதும் 0.35. ரூட்ஸ் சார்ஜர் சுற்றுக்கு இவ்வளவு காற்று என்று கணக்காகத் தள்ளுவது. ஆர்பிஎம் ஏறும்போது பூஸ்ட் இப்படி விழுந்தால் சார்ஜர் சுற்ற வேண்டிய அளவு சுற்றவில்லை என்றுதான் அர்த்தம். பானட்டைத் திறந்தோம். எங்கும் கறுப்புத் தூள், பெல்ட்டின் வரிகள் கண்ணாடி மாதிரி பளபளப்பு, புல்லியில் கை வைக்க முடியாத சூடு.

பெல்ட்டை விறைப்பாக வைக்கும் டென்ஷனரை இறுக்கினேன். அடுத்த ஓட்டத்திலும் வழுக்கியது, இன்னும் இறுக்கினேன். மூன்றாவது ஓட்டத்தில் சார்ஜரின் முன் பேரிங் ஊளையிட ஆரம்பித்தது. கழற்றி மாற்றி முடிக்க இரண்டு மாதம்.

கிரானைட் பட்டறையில் பல வருடம் ஃபிட்டராக இருந்த மாமா ஒருவர் வந்து பார்த்தார். “இறுக்கினா பேரிங்தான் போவும் மாப்ள. சின்ன புல்லிய பெல்ட் எவ்ளோ தூரம் சுத்திப் புடிச்சிருக்கு, அதப் பாரு.”

அளந்தோம். 110 டிகிரிதான் சுற்றியிருந்தது. புல்லி சின்னதானால் பிடிக்கும் பரப்பும் குறையும் என்பது எனக்குத் தெரியாததல்ல, கவனிக்கவில்லை.

பெல்ட்டின் முதுகை அழுத்தும்படி வழுவழுப்பான ஐட்லர் (எதையும் இயக்காமல் சும்மா சுற்றும் புல்லி) ஒன்றை சார்ஜர் புல்லிக்கு அருகில் வைத்தோம். அதுவும் லூஸ் பக்கத்தில், அதாவது கிராங்க் புல்லியை விட்டு பெல்ட் வெளியேறும் பக்கத்தில். இழுவை விழும் பக்கத்தில் வைத்திருந்தால் ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் ஐட்லரை பெல்ட் தள்ளிவிடும். சுற்று 165 டிகிரிக்கு வந்தது. புல்லிகளையும் 6பிகே-வுக்கு மாற்றினோம். வரிக்கு 3.56 மி.மீ. வீதம் அகலம் 14-லிருந்து 21 மி.மீ.க்குப் போனது. நீளத்துக்கு புல்லிகளைச் சுற்றி நூல் ஓட்டி அளந்து, அதற்குச் சரியான எண்ணைத் தேடி வாங்கினோம்.

பல் பெல்ட்டும் யோசனையில் இருந்தது. நேர்கோட்டில் சீறும் டிராக் ரேஸ் கார்களின் பெரிய என்ஜின்களில் அதுதான். வழுக்காது, ஆனால் பேக்ஃபயர் ஆனால், அதாவது பெட்ரோல் தப்பான நேரத்தில் எரிந்து பின்னால் வெடித்தால், அந்த அடி முழுவதும் ரோட்டருக்கும் கிராங்குக்கும் போகும். அரை பாருக்கு ரிப் பெல்ட் போதும் என்று முடிவெடுத்தோம்.

அலைன்மென்ட்டுக்குத்தான் ஒரு நாள் முழுக்க ஆனது. நேரான இரும்புப் பட்டையை இரண்டு புல்லி முகத்திலும் வைத்தால் சார்ஜர் பக்கம் 2 மி.மீ. இடைவெளி தெரிந்தது. பிராக்கெட்டுக்கு ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரி செய்தோம். சத்தத்தை வைத்தும் கண்டுபிடிக்கலாம்: ஓடும்போது வரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால், கீச்சொலி சற்று அடங்கி மறுபடி வந்தால் அலைன்மென்ட் கோளாறு, சத்தம் கூடினால் டென்ஷன் போதவில்லை. பெல்ட்டுக்கு ஸ்பிரே அடிக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள், அது தூசியைத்தான் சேர்க்கும். ஆயில் பட்ட பெல்ட்டைத் தூக்கிப் போட்டுவிடுவேன்.

இன்றைய பெல்ட்டுகளில் வரும் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர், பழைய பெல்ட் மாதிரி எளிதில் விரிசல் விடாது. டயர் போல கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். விரிசல் இல்லை என்பதற்காக நல்ல பெல்ட் ஆகிவிடாது. ஒவ்வொரு ட்ராக் நாளுக்குப் பிறகும் வரிப் பள்ளத்தின் ஆழத்தைப் பார்த்து நோட்டில் எழுதுகிறேன்.

போன முறை 6500 வரை 0.5 பார் அசையாமல் நின்றது. ஸ்பேர் பெல்ட்டையும் பத்து நிமிடம் ஓட்டிப் படியவைத்து, டென்ஷன் பார்த்துவிட்டுக் கழற்றி, மடிக்காமல் அகலமான வளையமாக டிக்கியில் வைத்திருக்கிறோம்.